யாருடைய அலட்சியம்

பிழியும் மிஷினின் மூடியைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். மூடிக்கு அடியில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு முறையும் உருளை நிற்கக் காத்திருந்தால் வேலை ஓடாது. அதனால் காலையில் முதலில் வருகிறவன் போர்வைக் கிழிசலால் அந்தச் சுவிட்சை அமுக்கிக் கட்டிவிடுவான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்த லாண்டரியில் இது ஊரறிந்த ரகசியம். முதலாளியும் கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து போவார்.

அன்று முதலில் வந்தது அக்காவின் கணவர். கட்டியதும் அவர்தான். சுழலும் உருளைக்குள் கையை விட்டார். ஈர விரிப்பு கையைச் சுற்றி ஆளையே இழுத்துக்கொண்டது. பக்கத்து மிஷினில் வேலையாக நின்ற அக்காவின் தம்பி ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினான். பிரயோஜனமில்லை.

அக்கா முதலாளி மேல் வழக்குப் போட்டாள். சாட்சி சொல்ல வந்தது தம்பி மட்டும். மற்றவர்களுக்கு அன்று என்ன நடந்ததென்றே மறந்துபோயிருந்தது.

வக்கீலம்மா இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "கவனக்குறைவுன்னா கண்ணு வேற எங்கயோ போயிடுச்சு, தெரியாம நடந்துடுச்சு. அலட்சியம்னா கண்ணு முன்னாடியே இருக்கு, போனா போகுதுன்னு விட்டுட்டான். நமக்கு வேண்டியது ரெண்டாவது."

"அசட்டை, மெத்தனம்னெல்லாம் சொல்றாங்களே?" என்றான் தம்பி.

"அதெல்லாம் மேடையில திட்டுறதுக்கு. உங்கிட்ட யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. உள்ளதச் சொல்லு. தினமும் கட்டுறதுதான், முதலாளிக்கும் தெரியும்னு சேத்துச் சொல்லு. சொந்தச் சரக்கு எதையும் அவுத்து விடாத."

படியிறங்கும்போது அக்கா அவன் கையைப் பிடித்தாள். "அவரு பேரைச் சொல்லிடாதடா. அப்பன் தானா போய் மாட்டிக்கிட்டான்னு என் புள்ளைங்க கேக்கணுமா?"

கூண்டில் ஏறியபோது அவளுடைய முகம்தான் எதிரே இருந்தது.

"அன்னைக்குச் சுவிட்சைக் கட்டினது யாரு?" என்று கேட்டார் முதலாளியின் வக்கீல்.

"நான்தாங்க."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

"ஆபத்துன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் கட்டினீங்க. முதலாளி கட்டச் சொன்னாரா?"

"வாயைத் தொறந்து சொல்லல. ஆனா அவரு தினமும் பாத்துட்டு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். சொன்னாரா, இல்லையா?"

"இல்லைங்க."

"போதும்" என்று அவர் உட்கார்ந்தார். அவ்வளவு சீக்கிரம் வேலை முடியுமென்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மரணத்துக்குக் காரணம் சக தொழிலாளியின் அலட்சியம் என்று தீர்ப்பு வந்தது. முதலாளி பொறுப்பில்லை. தம்பி மேல் போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம்.

"அலட்சியங்கிற சட்டையை முதலாளிக்குன்னு அளவெடுத்துத் தச்சு வச்சிருந்தேன்," வராந்தாவில் வக்கீலம்மா சொன்னாள். "நீ எடுத்து மாட்டிக்கிட்ட." அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

இருவரும் படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். அக்கா சொன்னாள்: "அவரு பேரையே சொல்லித் தொலைச்சிருக்கலாம். செத்தவரை இனி யாரு என்ன பண்ணிட முடியும்?"

"நீதானேக்கா சொல்லாதன்ன?"

"நான் ஆயிரம் சொல்வேன். உனக்குப் புத்தி எங்க போச்சு?"

அப்போது முதலாளியின் கார் பின்னால் நகர்ந்து வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். இருவரும் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.