மாப்பிள்ளையும் ஒன்பது கிலோவாட்டும்

ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடக் கூடாது என்பது யோவான் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். சொந்த ஊரான தனுவச்சபுரத்து வெயிலில் கார் வந்து நின்றதும் முன்பக்கத்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் பலாமர நிழலில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வார். கை குளிர்ந்தால்தான் சார்ஜ். மின்சாரக் கார் வாங்கிய இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. காருக்கு இளைப்பு தீர்ந்தாலும் நிங்களுக்குத் தீராது என்பாள் மனைவி ராஜபாய். யோவான் ஒரு பக்கத்தைப் புரட்டுவார். அவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர், அக்காள் சாராம்மாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைத் தன் காரிலேயே கூட்டிவருவேன் என்று வாய் திறந்து சொன்னபோது வீடே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் உடன்பிறந்தவன் போய் மாப்பிள்ளையை அழைத்து வந்து ஆலய வாசலில் கைபிடித்து இறக்குவது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஆனால் மாப்பிள்ளை இருப்பது மூணாறில். ராஜபாயின் தம்பி அனூப் தன் டீசல் வண்டியைத் தருகிறேன் என்றான். யோவான் வேண்டாமென்று தலையசைத்தார்.

சாராம்மாவுக்கு அறுபது வயது. கணவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. போன வருடம் சபைப் பெண்களோடு மூணாறுக்குப் போனபோது பஸ் வழியில் நின்றுவிட்டது. தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ராஜப்பன், தனுவச்சபுரம் பக்கத்து வெள்ளறடையிலிருந்து அந்தக் காலத்திலேயே மலையேறிப் போனவர், வந்து சரிசெய்தார். சரிசெய்த இரண்டு மணி நேரமும் வாய் ஓயாமல் பேசினார். சாராம்மா சிரித்த சிரிப்பைப் பற்றி அந்த பஸ்ஸில் போன பெண்கள் இன்னும் பேசுகிறார்கள். இந்த வயதில் என்ன கல்யாணம் என்றும் அவர்களில் சிலர்தான் பேசினார்கள்.

யோவான் புறப்படும்போது சாராம்மா காரின் ஜன்னலில் குனிந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "எலே யோவானே, நாளைக்கு நாலு மணிக்கு நான் வந்து சர்ச்சு வாசல்ல காத்து நிக்கப்பிடாது, கேட்டியா. ஊரு பாத்துச் சிரிக்கும். அவரு நிக்கணும், நான் வரணும்."

மூணாறு ஏற்றம் சார்ஜைக் குடித்துத் தீர்த்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது இருபத்தொன்று சதவீதம். ஊருக்குள் வேக சார்ஜர் இருந்தது. யோவான் அதைக் கண்டும் கடந்து போனார். பானட் சுட்டது. இரவெல்லாம் ஆறட்டும், காலையில் போட்டால் ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. ராஜப்பன் வீட்டு முற்றத்தில் வண்டி பனியில் நின்றது. ஜனவரி மாதம்.

அதிகாலை எழுந்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. இருபத்தொன்று பதினேழாகியிருந்தது. அது எங்கே போயிற்று என்று யோவானுக்குப் புரியவில்லை. ராஜப்பனோடு ஊருக்குள் போய், விறைத்த விரலால் செல்போனைத் தட்டித் தட்டி, ஆறு மணிக்குச் சார்ஜரின் துப்பாக்கிப் பிடி போன்ற கன்னைக் காரில் மாட்டினார். ஊரில் ஐம்பது கிலோவாட் காட்டும் அதே மாதிரி இயந்திரம். இங்கே ஒன்பது காட்டியது. எண்பது சதவீதத்துக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்றது.

கழற்றி அடுத்த கன்னை மாட்டினார். ஒன்பது. மறுபடி முதலாவது. ஒன்பது. இங்கிருந்து கல்யாணம் நடக்கும் பாறசாலைக்கு முந்நூறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் ஆறு மணிக்குத்தான் சேர முடியும். சாராம்மா பட்டுச்சேலையோடு ஆலயப் படிக்கட்டில் நிற்பதும், ஊரார் அவளைப் பார்க்காத மாதிரி பார்ப்பதும் யோவானின் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரம் பார்த்து ராஜபாய் போன் செய்தாள். "வாறோம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

ராஜப்பன் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து பேசிக்கொண்டே இருந்தார். காட்டுமாட்டைப் பற்றி, ஃபாக்டரி மேனேஜரைப் பற்றி, கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டைப் பற்றி. இயந்திரத்தின் எண்ணை யோவான் பார்க்கும் விதத்தைக் கண்டதும் அந்தப் பேச்சு நின்று, வருங்கால மைத்துனரிடம் ஒரு கேள்வி வந்தது.

"அளியா, இந்த வண்டிக்கு பாட்டரி எங்க இருக்கு?"

"சீட்டுக்கு அடியில."

"பின்ன நேத்து நிங்க முன்னால தொட்டுப் பாத்தது என்னத்தயாக்கும்?"

இரண்டு வருடமாகத் தொட்டுப் பார்த்தது என்னத்தை என்று யோவானுக்கே அப்போதுதான் கேள்வி வந்தது. ராஜப்பன் தரையில் மண்டியிட்டுக் காரின் அடிப்பக்கத்தில் கையை வைத்து, சுட்டவர் போல வெடுக்கென்று எடுத்தார். ஐஸ்.

"எங்க ஃபாக்டரியில டிரையரு சூடாகாம எல போடமாட்டோம். நிங்க நல்லா எரிஞ்ச அடுப்ப நேத்து அணைச்சுப் போட்டு, காலத்த வந்து ஒல வச்சிட்டு இருக்கியோ. ஓடுனாத்தான் பாட்டரி சூடாவும், சூடானாத்தான் சார்ஜு ஏறும். கீழ எறங்குவோம்."

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பாட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்பது யோவானுக்குத் தெரியும். ஆனால் அடுத்த சார்ஜர் இருக்கும் நேரியமங்கலம் வரை பெரும்பாலும் காடு. நடுவில் நின்றுவிட்டால் யானைதான் தள்ள வேண்டும். அவர் இன்னும் நாற்பது நிமிடம் அந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு ஆனதும் கன்னைப் பிடுங்கினார்.

இறக்கம் முழுக்க ராஜப்பன் சதவீதத்தை வாசித்துக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு முப்பத்தொன்றாயிற்று. அடிமாலிக்கு மேலே ஒரு நீண்ட வளைவில் அது மறுபடி முப்பத்திரண்டாக, ராஜப்பன் கையைத் தட்டினார். யோவான் சிரித்தார். தான் சிரித்ததை, திறந்த ஜன்னல் காற்றில் பல் குளிர்ந்தபோதுதான் கவனித்தார். கண்ணாடியை ஏற்றிவிட மனம் வரவில்லை.

நேரியமங்கலத்தில் வெயில் வந்திருந்தது. அங்கே சார்ஜரில் போட்டார், நின்ற கையோடு, ஆறவிடாமல். கிலோவாட் எண் ஏறியது. இருபது, முப்பது, நாற்பத்திரண்டு. இரண்டு ஆண்களும் ஒரு குழந்தை நடப்பதைப் பார்ப்பதுபோல அந்தத் திரையைப் பார்த்தார்கள்.

அடுத்த நிறுத்தம் கொட்டாரக்கரை. மணி ஒன்று தாண்டிவிட்டது, பன்னிரண்டு நிமிடம்தான் கொடுக்க முடியும் என்றார் யோவான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ராஜப்பன் பக்கக் கண்ணாடியில் பார்த்து முகம் வழித்தார், சட்டை மாற்றினார். எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாள் கோட்டைப் பிடித்துக்கொடுத்தார். சார்ஜுக்கு வரிசையில் நின்ற ஒரு டாக்சிக்காரர் டை கட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் டீக்குக் காசு வாங்கவில்லை.

நெய்யாற்றங்கரையில் பஸ்களுக்கு நடுவில் மாட்டியபோது ராஜப்பன் கோட்டுப் பொத்தானை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். யோவான் அதைப் பார்த்து, "அக்காளும் இப்பம் சேல மடிப்ப எடுத்து எடுத்து விட்டுட்டு இருப்பா" என்றார்.

மூன்று ஐம்பத்தாறுக்குப் பாறசாலை ஆலய வாசலில் கார் நின்றது. யோவான் இறங்கி, சுற்றி வந்து, மாப்பிள்ளையைக் கைபிடித்து இறக்கினார். நான்கு மணிக்குச் சாராம்மா வந்தாள். அவர் நின்றிருந்தார்.

ஜெபமும் ஆசீர்வாதமும் முடிந்து, மணமக்கள் பூ ஒட்டிய அதே காரில் ஏறிய பிறகுதான் யோவான் திரையைப் பார்த்தார். நான்கு சதவீதம். வீட்டு விருந்துக்கு முன்னால் சாலையோரச் சார்ஜருக்குத்தான் போக வேண்டியிருந்தது. பின்னால் வந்த வண்டிகள், இதுவும் சடங்கில் உண்டு என்று நினைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பின. ஊர்வலத்துக்கு வந்த செண்டைமேளக்காரர்களும் வேனிலிருந்து இறங்கிவிட்டார்கள். இறங்கிய பிறகு சும்மா நிற்பானேன் என்று அடிக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில் கேட்ட சிரிப்பைப் பற்றிப் பேசிய பெண்கள் சாராம்மா இருந்த காரைச் சுற்றி நின்று லட்டுவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அனூப் தன் டீசல் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ரோட்டில் வட்டம் போட்டான்.

ராஜபாய் வந்து பானட்டில் உள்ளங்கையை வைத்தாள். "சுடுதே. அரமணிக்கூறு ஆறட்டுமா?"

"வேண்டாம்" என்று யோவான் கன்னை மாட்டினார். நாற்பத்தெட்டு கிலோவாட் காட்டியது.

சாராம்மா ஜன்னலைத் தாழ்த்தி, வழியில் என்ன நடந்தது, காலையில் உன் குரலே சரியில்லை என்று ராஜபாய் சொன்னாளே என்று கேட்டாள். ராஜப்பன் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ அவளைப் பார்த்தபடி, பேச்சே வராதவர் போல, அளியன் சொல்லட்டும் என்று யோவான் பக்கம் கையைக் காட்டினார்.

யோவான் தொண்டையைச் செருமினார். "நேத்து சாயங்காலம் நான் ஒரு மடத்தனம் செய்தேனாக்கும்" என்று தொடங்கினார். செண்டை நின்றது. அவர் கதையில் நேரியமங்கலம் வந்து சேர்ந்தபோது கார் நாற்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போக அது போதும். யாரும் கன்னைக் கழற்றச் சொல்லவில்லை.