வெட்டுவதற்கு முன் கேட்டவர்

"உங்க அப்பா உங்கள அடிச்சிருக்காரா?" என்று பள்ளியின் மனநல ஆலோசகர் கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுமடல் சூடேறியது. அவருடைய மகளைப் பற்றிப் பேசத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்க்க அவளைக் கேட்காமலே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினொரு நாளாக அவள் வீட்டிலும் பேசவில்லை, வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. அதற்கு வந்து உட்கார்ந்தால், கூடிப்போனால் இருபத்தெட்டு வயதுள்ள இவள், செத்துப்போனவரைத் தோண்டுகிறாள்.

"அடிச்சாரு. அதனாலதான் உருப்பட்டேன்."

ஆலோசகர் அதை எழுதிக்கொண்டாள். பயந்து வளர்கிற பிள்ளை கீழ்ப்படியும், ஆனால் பெற்றவரை நம்பாது என்று ஆராய்ச்சிகள் சொல்வதாக விளக்கினாள். அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைக்கலாம் போலிருந்தது அவருக்கு. அவருடைய அப்பா போதகர். தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் தினமும் சொன்னவர். பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள் என்று அதே வேதம் தகப்பன்மாரிடமும் சொல்வதை ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. மகன் முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான் என்றதும் தனக்கு ஒரு பிள்ளை குறைந்தது என்று சொன்னார். சாகும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அவர் பொருமிக்கொண்டே வந்தார். கண்ணாடிக் கடையில் பாதிநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபிரகாம் பெத்த புள்ளையவே பலி குடுக்கக் கூட்டிட்டுப் போனாரு. அவர எந்த ஆலோசகர் கூப்பிட்டு விசாரிச்சா?"

"உங்க வேதத்துல அவர் கேக்காம கூட்டிட்டுப் போனாரு. எங்க வேதத்துல கேட்டாரு." அவள் குரலை உயர்த்தவில்லை. "கண்ட கனவச் சொல்லி, நீ என்னப்பா சொல்றன்னு மகன்கிட்டயே கேட்டாரு. வெட்டப் போறவரே கேட்டிருக்காரு. நீங்க ஹாஸ்டலுக்குக்கூடக் கேக்கல."

"அந்தப் பையன் சரின்னுதானே சொன்னான்?"

"கேட்டதாலதான் சொன்னான்."

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவர் இறங்கிவிட்டார். ஆலோசகர் மேல், மனைவி மேல், கல்லறையில் கிடக்கிறவர் மேல் என்று கோபம் மாறிமாறிப் போய், கடைசியில் போக இடமில்லாமல் அவரிடமே வந்து நின்றது. அவர் மகளை ஒரு அடி அடித்ததில்லை. அதுவே போதும், தான் தன் அப்பாவைப் போலில்லாத அப்பன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளின் அறைக்குள் போனார்.

"விடுதிக்குப் போறதப் பத்தி நீ என்ன நினைக்கிற?" மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தார். அது அதட்டலாக வெளியே வந்தது.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பதினொரு நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"போமாட்டேன்னு சொன்னா, கேப்பீங்களாப்பா?"

கோபத்தில் மடங்கியிருந்த அவருடைய விரல்கள் இன்னும் விரியவில்லை. கட்டிலில் குவிந்து கிடந்த துணிகளை அவள் இரண்டு கையாலும் ஒருபக்கமாக ஒதுக்கினாள், அவர் உட்காரவா பெட்டியில் அடுக்கவா என்று தெரியவில்லை.