ஆஃப் கிளச்

ஜீப் பாதி மேட்டில் ஏற மறுத்து நின்றது. பின்னால் ஆறு நெல் மூட்டை ஏற்றிய ட்ரெய்லர், அதற்கும் பின்னால் வெண்ணாற்றுத் தண்ணீர். நெய்னா முகம்மது பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி ஹபீபுன்னிசா, அவள் மடியில் ஆறு வயது மகள் ஷமீரா.

சவூதியில் முதலாளி குடும்பத்தை அபஹா மலைக்கு ஓட்டிப் போகிறவன் அவன். கூடார வண்டியை இழுத்துக்கொண்டு ஏறி, உச்சியில் கூடாரம் அடித்து, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இறைச்சி சுட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்குவான். ஒரு தடவையாவது தன் பிள்ளைக்குக் கொடைக்கானலில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று ஆசை. அந்தத் தொண்ணூற்றாறில் லீவுக்கு வந்தவர்களெல்லாம் வேன்தான் வாங்கினார்கள். மச்சினனும் வேனைத்தான் சொன்னான். வேன் ட்ரெய்லரை இழுக்காது என்று இவன்தான் புரோக்கர் தியாகராசனிடம் இந்தப் பழைய ஜீப்பைப் பார்த்தான். வாங்குவதற்கு முன், கூடாரச் சுமைக்குப் பதில் நெல் மூட்டையோடு ஏற்றிப் பார்க்க கூத்தாநல்லூரைச் சுற்றி மேடு ஏது? மணல் வண்டிகளுக்காக ஆற்றுக்குள் வெட்டிய இந்தச் சரிவு ஒன்றுதான். குடும்பத்தோடு ஏறினால்தான் தெரியும் என்று இருவரையும் அவனே ஏற்றிக்கொண்டான். பெருமை யாரை விட்டது.

"ஆஃப் கிளச்ல புடிங்க பாய்! கிளச்சப் பாதி விட்டு நிறுத்தி, பிரேக்க மெதுவா விடுங்க!" கரையிலிருந்து தியாகராசன் கத்தினார்.

விட்டான். ஜீப் உதறி அணைந்து பின்னால் உருண்டது. ட்ரெய்லர் கோணிக்கொண்டு திரும்பியது. கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது.

"அத்தா!" ஷமீரா அலறினாள்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். தியாகராசன் ஓடிவந்து ஒரு பனங்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். வண்டி அதில் முட்டி நின்றது.

"அந்த வீட்டுப் புள்ளைங்கள மலை ஏத்துனதா கேசட்டுல பேசி அனுப்புனீங்களே மச்சான். பொய்யா?" என்றாள் ஹபீபுன்னிசா.

"பொய்யில்ல. அங்க வண்டில கிளச்சே கெடையாது. கியர் தானா விழும். நான் ஓட்டப் பழகுனதே அங்கதான். எடது காலுக்கு வேலையே இருந்ததில்ல."

இதைச் சொல்ல அவனுக்கு அவமானமாக இருந்தது. நான்கு நாளாக இந்த ஜீப்பை ஊர்ச் சமதரையில் ஓட்டியதை வைத்து எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டான்.

"எறங்குங்க ரெண்டு பேரும். வேனே பாத்துக்கலாம்."

லீவு இன்னும் பதினெட்டு நாள். வேன் வாங்கினால் கொடைக்கானல் போகாமலே உறை போட்டு மூடிவிட்டுக் கிளம்பிவிடுவான் என்று ஹபீபுன்னிசாவுக்குத் தெரியும். அடுத்து வரும்போது ஷமீராவுக்கு எட்டு வயது. இதை நினைக்க ஆத்திரமாக வந்தது.

"அண்ணே, புள்ளையக் கரையில விட்டுட்டு வாங்க" என்று தியாகராசனிடம் கொடுத்தாள். அவள் இறங்கவில்லை.

"நீயும் எறங்கு ஹபீபு."

"சவூதியில அந்த வீட்டம்மா பயந்தாங்களா?"

"இல்ல."

"நான் பயப்படுறேன். ஆனா எறங்க மாட்டேன். ஏத்துங்க."

சாவியைத் திருப்பினான். இடது காலால் கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பாதியில் நிறுத்திப் பிடித்தான். பின்னால் ட்ரெய்லரின் இரும்பு முனகியது. ஜீப்பின் மூக்கு லேசாக உயர்ந்தது.

"கட்டைய எடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தவள் ஹபீபுன்னிசாதான். திரும்பி வந்திருந்த தியாகராசன் கட்டையை உருவ, ஜீப் பின்னுக்குப் போகாமல் மேலே நகர்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் பாதையும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. வானம் மட்டும் நிறைந்திருந்தது.