ரத்தம் இல்லாத ஏழாம் பாகம்

டிராகன் ரத்தம் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். சிரிக்காதீர்கள். கார்ட்டூன் தொடர்களை வெளியாகும் முன்பே பார்த்து, எந்த வயதுக்கு ஏற்றது, என்ன எச்சரிக்கை போட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. ரத்தம் சிவப்பாக வந்தால் பதின்மூன்று வயது. பச்சையாகவோ நீலமாகவோ வந்தால் ஏழு. எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ, தெரியாது.

அந்த டிராகன் தொடரின் ஏழாம் பாகத்தில் ஈட்டி பாய்ந்து தாய் டிராகன் சாகும். குட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும். நல்ல சிவப்பு ரத்தம். பதின்மூன்று என்று எழுதி அனுப்பினேன். எனக்கு அதில் பெரிய நிம்மதி. வீட்டு டிவியில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருக்கிறோம், ஏழுக்கு மேல் எதுவும் திறக்காது. அக்கா மகள் அந்தச் சாவைப் பார்க்க மாட்டாள்.

அக்கா இறந்து நாலு மாதம் ஆகிறது. அதிலிருந்து நானும் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா வைத்தியத்துக்கு வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அவள் அப்பா சொல்லிவைத்திருக்கிறார். அவரோடு எவ்வளவோ மல்லுக்கு நின்று பார்த்தேன். ஏழு வயதுதானே, தாங்க மாட்டாள், கொஞ்சம் வளரட்டும் என்று ஒரே பிடி. கடைசியில் நானும் தலையாட்டினேன்.

தொடர் எடுத்தவர்கள் பதின்மூன்றை ஒப்புக்கொள்ளவில்லை. பொம்மை விற்க வேண்டுமே! அதே பாகத்தைத் திருத்தி அனுப்பினார்கள். ஈட்டி இல்லை, ரத்தம் இல்லை. தாய் டிராகன் குட்டியை நக்கிக்கொடுத்து, வந்துவிடுவேன் என்று சொல்லி மேகத்துக்குள் பறந்து போகிறது. அவ்வளவுதான். மற்றப் பாகங்களில் அவர்கள் கைவைக்கவே இல்லை. ஏழுக்குப் பிறகு வரும் எதிலும் தாய் கிடையாது.

மேலாளரிடம் போய், இது முன்னதைவிடக் கொடுமை, ஒரு எச்சரிக்கையாவது போடுவோம் என்றேன். என்னவென்று போடுவது என்று கேட்டார். வன்முறையா, பயமா, கெட்ட வார்த்தையா? அம்மா திரும்பி வர மாட்டாள் என்பதற்கு எங்களிடம் எச்சரிக்கையே இல்லை.

"ஒரு சொட்டு ரத்தம் காட்டும்மா, இப்பவே மாத்திடறேன்" என்றார். தங்கமான மனிதர்தான். நான் ஏழு என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

வீட்டில் தடுத்துப் பார்த்தேன். சுத்த அறுவை, பார்க்காதே என்றேன். பள்ளியில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஒரே அழுகை. ஏழு என்று நீதானே போட்டாய் என்றார் அவள் அப்பா.

விடுமுறை நாளில் மொத்தத் தொடரையும் பார்த்தாள். நான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. ஏழாவதில் லேசாகச் சிரித்தாள்கூட. அதற்குப் பிறகு எந்தப் பாகத்தில் வானம் வந்தாலும் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் நின்றாள்.

கடைசிப் பாகத்தில் பெயரெல்லாம் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ரிமோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சித்தி, நீதான எல்லாத்தையும் முதல்லயே பாத்துடுவ. அவங்கம்மா எதுல வருவாங்க? அதப் போடு."

"அடுத்ததுல வருவாங்கடா கண்ணு."

"நீ பாத்தியா?"

கதவோரம் நின்றிருந்த அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னையே பார்த்தபடி நின்றாள். நான் ரிமோட்டை எடுத்து முதல் பாகத்தை மறுபடியும் போட்டேன்.