லாபம், ரெண்டு, மூண்டு

யாமினிக்குப் பேசுவதைவிட எண்ணுவது சுலபம். திருச்சியில் படித்த காலத்தில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மின்கம்பங்களை முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே போவாள். பெண் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அந்தப் பழக்கம்தான் பாரிஸில் அவளுக்குச் சோறு போட்டது. ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அண்டார்டிகாவில் ஒரு பாறைச் சரிவைப் பார்த்தபடி நட்டுவைத்த கேமரா, நாளுக்கு நாலு படம் எடுக்கும். அந்தப் படங்களில் உள்ள பென்குயின்களை எண்ண வேண்டும்.

இரண்டு வருடமாக எண்ணுகிறாள். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

டிசம்பரில் கப்பல் போகிறது, அதில் ஓர் இடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத் தலைவி சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இந்தப் பருவத்தின் எண்ணிக்கை முடிந்து வந்தால் நீ போகிறாய். இல்லாவிட்டால் வேறொருவர்."

யாமினி எப்போதோ எண்ணி முடித்துவிட்டாள். ஆனால் ஆய்வுக்கூடத்தின் விதிப்படி ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டாவதாக எண்ணும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். படங்கள் முந்நூற்று எண்பது.

திங்கட்கிழமை இந்தக் கவலையோடுதான், பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், மீன் கடைக்குள் நுழைந்தாள். கடை புஸ்பராணியுடையது. மீன் வெட்டுவது இஞ்ஞாசி. ஐம்பது வயது, மீசைக்குக் கறுப்புச் சாயம், வாய்க்கு ஓய்வு கிடையாது. யாரோ ஒரு சாப்பாட்டுக்கடைக்காரருக்காக இறால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..."

கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், வாய் வாடிக்கையாளரோடு சார்செல் புறநகர் ரயிலின் தாமதத்தைப் பற்றி. முந்நூறு இறாலும் பிசகாமல் பைக்குள் போயின. சாப்பாட்டுக்கடைக்காரர் நம்பாமல் திரும்ப எண்ணினார். முந்நூறுதான்.

"என்ன பிள்ளை, வழக்கம்போல அறக்குளாவோ?"

"வஞ்சிரம் அண்ணா."

"ரெண்டும் ஒண்டுதான். நீங்கள்தான் அதுக்கு வேற பேர் வச்சிருக்கிறியள்."

யாமினியின் கண் அந்த இறால் பையிலேயே இருந்தது. கல்லாவுக்கு முன்னால் வெகுநேரம் அப்படியே நின்றாள். புஸ்பராணி, பிள்ளைக்குத் தலைசுற்றோ என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்த பிறகுதான் யாமினிக்கு வாய் திறந்தது.

"அண்ணா, பென்குயின் எண்ணுவீங்களா?"

இஞ்ஞாசி கத்தியை வைத்துவிட்டு முழு விவரமும் கேட்டார். கிரில் என்றொரு பொடி இறால் உண்டு, பெரிய கப்பல்கள் போய் அதை அள்ளுகின்றன, பென்குயினுக்கும் அதுதான் சாப்பாடு, பென்குயின் குறைந்தால் அள்ளுவதைக் குறைக்கச் சொல்லலாம் என்று அவள் விளக்கினாள்.

"அப்ப, இறாலை எண்ண ஏலாதெண்டு அதைத் தின்னுறவனை எண்ணுறியள்?"

"ஆமாண்ணா."

"உது நல்ல வேலை. எங்கட கடைக்கும் ஒரு கமெரா பூட்ட வேணும், அக்கா. ஆர் தின்னுறது, ஆர் சும்மா நிக்கிறதெண்டு தெரியும்."

"பூட்டினால் முதல்லை நீங்கள்தான் பிடிபடுவியள்," என்றாள் புஸ்பராணி.

செவ்வாய், புதன், வியாழன், பகல் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஆள் குறைவு. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், மீன் சுற்றும் பிளாஸ்டிக் தாளால் மூடிய மடிக்கணினி இருந்தது. இஞ்ஞாசி ஒரு விரலால் படங்களைத் தள்ளித் தள்ளி, "லாபம், ரெண்டு, மூண்டு" என்று எண்ணி, மீன் பட்டியல் எழுதும் கொப்பியில் குறித்தார். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது எந்த ஊர் மீன், கிலோ எவ்வளவு என்று ஒருவர் கேட்டார்.

"விக்கிறேல்லை. கணக்கெடுக்கிறம்," என்றார் இஞ்ஞாசி, அரசாங்க அதிகாரி மாதிரி.

வியாழன் மூன்றரை மணிக்குக் கடைசிப் படமும் முடிந்தது. யாமினி கொப்பியை வாங்கித் தன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாள். அவள் பதினாறு என்ற இடத்தில் அவர் பதினைந்து. அவள் பதினைந்து என்ற இடத்தில் பதினாலு. முந்நூற்று எண்பது படத்திலும் சரியாக ஒன்று குறைவு. பதினாறில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஆறேகால்.

கப்பல் அவள் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. லாபம்! நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். மனிதர் மங்கலத்துக்காக லாபத்தைத் தனியே ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான். அவள் நிம்மதியாக எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டித் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு நீட்டினாள்.

இஞ்ஞாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார்.

"இது என்ர எண்ணிக்கை இல்லை."

"நீங்க லாபத்தைச் சேர்க்கல அண்ணா. அதைச் சேர்த்தேன்."

 புஸ்பராணி கல்லாவை மெதுவாக மூடினாள்.

"பிள்ளை," என்றார் இஞ்ஞாசி, "லாபம் எண்டால் ஒண்டு. பூச்சியம் இல்லை. இருபது வருசமா இறால் எண்ணுறன். லாபத்தை விட்டு எண்ணியிருந்தால் இந்த அக்கா என்னை உயிரோட விட்டிருப்பாவோ?"

"விட்டிருக்க மாட்டன்," என்றாள் புஸ்பராணி.

"அப்ப ஒண்ணு எங்க போச்சு?"

"நீங்கள்தான் ஒண்டு கூட எண்ணியிருக்கிறியள். இந்தா." நனைந்த விரலைத் திரையின் இடது மூலையில் வைத்தார். "இதை எண்ணியிருப்பியள். இது பென்குயின் இல்லை."

யாமினிக்குச் சுருக்கென்றது. அந்த மூலையில் இருந்தது சந்திரகலா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவள் வைத்த பெயர். மற்ற பறவைகள் ஓயாமல் கல் திருடும், கத்தும், முறைவைத்துக் கடலுக்குப் போகும். சந்திரகலா அசையாது. பனி மூடினாலும் அசையாது. பாரிஸில் யாமினியோடு சேர்ந்து பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரே உயிர் அதுதான். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள்: தொண்ணூற்றைந்து நாள் உண்ணாமல், இணையை எதிர்பாராமல், ஒற்றையாக அடைகாத்த அபூர்வப் பறவை. அந்தப் பக்கத்தைத் தலைவி வெகுவாகப் பாராட்டியிருந்தாள்.

"அது அடைகாக்குது அண்ணா."

"கண்ணைப் பாத்தால் எனக்குத் தெரியும், புதுசோ பழசோ எண்டு. இதுக்குக் கண்ணே இல்லை. மற்றவை எல்லாம் போனாப் பிறகு எடுத்த படம் இருக்கோ?"

இருந்தது. மார்ச் மாதப் படங்களை யாரும் திறந்ததில்லை. எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லையே. யாமினி திறந்தாள். வெறும் பாறை, வெறும் பனி, இடது மூலையில் சந்திரகலா தனியாக. காற்று பனியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை லேபல், தலைக்கு மேலே வளைந்து நின்ற கைப்பிடி.

"வாளி," என்றாள் புஸ்பராணி.

இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றினார். நண்டு கேட்டு வந்தவரும், ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இஞ்ஞாசிதான் இரக்கப்பட்டார். "உங்களுக்குக் கப்பல் வேணுமெண்டால் சொல்லுங்கோ பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறன். ஒரு வாளிதானே."

யாமினி தாளைப் பார்த்தாள். இவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், டிசம்பரில் அவள் கப்பலில் இருப்பாள். ஆனால் அங்கே போய் அந்தச் சரிவில் வாளிக்கு எதிரே நிற்கும்போது, அதன் முகத்தில் எப்படி விழிப்பது? முகம் வேறு இல்லை அதற்கு.

தாளை இரண்டாகக் கிழித்தாள். கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தலைவியைக் கூப்பிட்டாள்.

"தவறு என்னுடையது. எல்லாப் படத்திலும் ஒன்றைக் கூட எண்ணிவிட்டேன். அந்த அபூர்வப் பறவை ஒரு வாளி."

 யாமினி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினொன்றில் தலைவி பேசினாள்.

"கறுப்பா? வெள்ளை லேபலா?"

"ஆமாம்."

"கைப்பிடி உண்டா?"

"உண்டு."

"இரண்டு வருடமாக அங்குள்ள ஆய்வுத் தளத்தில் ஒரு வாளியைத் தேடுகிறார்கள். அங்கே ஒரு குப்பையும் விட்டுவரக் கூடாது தெரியுமா? வருடா வருடம் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். நான் வருடா வருடம் மன்னிப்புக் கேட்டுப் பதில் போடுகிறேன். சரி, உன் எண்ணிக்கையில் அதைக் கழித்தால்?"

"முந்நூற்று எண்பதும் ஒத்துப்போகிறது."

"அப்படியானால் நாளைக்குத் திருத்தி அனுப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. டிசம்பரில் போய் முதல் வேலையாக அந்த வாளியை எடு. அது எங்கே இருக்கிறது என்று உன்னளவு தெரிந்தவர் உலகத்தில் இல்லை."

யாமினி கடைக்குள் திரும்பினாள். மூன்று முகங்கள் காத்திருந்தன. நண்டுக்காரர் இன்னும் தொப்பியைப் போடவில்லை.

"போறேன். வாளி எடுக்க."

இஞ்ஞாசி மேசையைத் தட்டிய தட்டில் ஐஸ் துண்டுகள் நாலாபக்கமும் தெறித்தன. "பாத்தியளோ அக்கா? ஒரு வாளிக்கு ஒரு கப்பல்!"

"அங்கை போய் அதையும் விலை பேசிக் குறைச்சு வாங்கிக்கொண்டு வாங்கோ பிள்ளை," என்றாள் புஸ்பராணி. "இஞ்சை வாளி ஒண்டு ஓட்டை."

டிசம்பர் கடைசியில் யாமினி சிவப்புக் கோட்டோடு அந்தச் சரிவில் நின்றாள். பென்குயின்கள் படத்தில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தன, படத்தில் இல்லாத நாற்றம் அடித்தன. அவள் வாளியைத் தூக்கியபோது, பக்கத்துக் கூட்டில் இருந்த பறவை ஓடிவந்து அவள் காலைக் கொத்தியது. இரண்டு வருடம் பேச்சுக்குரல் இல்லாமல் பக்கத்தில் இருந்த அயலவரை யார்தான் சும்மா விட்டுக்கொடுப்பார்கள்?

கேமரா சரியான நேரத்துக்குப் படம் எடுத்தது. அதை அவள் புஸ்பராணியின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, "இஞ்ஞாசி அண்ணா எண்ணிச் சொல்லட்டும்" என்று எழுதினாள். இணையம் ஊர்ந்துகொண்டு வரும் இடம் அது. பதில் வர இரண்டு நாள் ஆயிற்று.

"பதினேழு."

யாமினி படத்தைத் திறந்து எண்ணினாள். பதினாறு. மறுபடியும் எண்ணினாள். பதினாறுதான். இந்த முறை அவர் ஒன்று அதிகம். இஞ்ஞாசி தப்பாக எண்ணுவாரா? மூலை மூலையாகத் தேடினாள். கல், பனி, பறவை. வாளி இருந்த இடத்தில் சிவப்புக் கோட்டோடு, வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அசையாமல் ஓர் ஆள்.

யாமினி படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு விரலை அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

"லாபம்," என்றாள். "ரெண்டு, மூணு..."