டாகிங் என்று எழுதிய பெட்டி

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மகள் ஷர்மினிக்கு இருதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முனியாண்டிக்குப் படையல் போடுவதாக வேண்டியிருந்தேன். நல்லபடியாகவே முடிந்தது. ஈப்போ பக்கம், சிம்பாங் பூலாய்க்குப் பின்னால் எங்கள் பழைய ரப்பர் தோட்டம் பாமாயில் செம்பனையாகிவிட்டது, நாங்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, முனியாண்டி மட்டும் நகரவில்லை. அவருக்கு ஆட்டுக்கறி, சுருட்டு, கறுப்பு பீர், கூடவே பெர்கெடில். உருளைக்கிழங்கை மசித்து, கொத்திய கறி சேர்த்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. டச்சுக்காரன் கொண்டுவந்து, மலாய்க்காரர் வீட்டில் பழகி, எங்கள் சாமி வரை வந்து சேர்ந்த பண்டம். ஷர்மினிக்கு அது என்றால் உயிர். அதனால் சாமிக்கும் பிடிக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

ஐம்பது பெர்கெடிலுக்கு நிஹாலிடம் சொன்னேன். தோட்டத்துக் கடைக்காரர் மகன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி, இப்போது ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அவன் கடையில் மாட்டிறைச்சியும் உண்டு. ஆட்டுக்கறிதான் என்று மூன்று முறை சொன்னேன். அதுகூடத் தெரியாதவனா நான் என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கோயிலுக்குப் பெட்டி வந்தது. இலையில் எடுத்து வைக்கப் போகும்போது மச்சான் சுகுமாரன் மூடியைப் பார்த்துவிட்டான். மார்க்கர் பேனாவில் பெரிதாக 'டாகிங்' என்று எழுதியிருந்தது. மலாயில் அது வெறும் இறைச்சிதான். எங்கள் ஆட்கள் காதில் அது மாடு மட்டும்தான்.

"சாமிக்கே மாட்ட வைக்கிறியா மச்சான்?" என்றான்.

மூடியைக் கிழித்துச் சட்டைக்குள் செருகினேன். மற்றதைப் பெட்டியோடு சாக்கடையில் வீசிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இருபது நிமிட ஓட்டத்தில் கோபம் ஆறியிருக்க வேண்டும். எனக்கு ஏறியது.

அடுப்படியில் நின்ற நிஹால் என்னைப் பார்த்ததும் சாப்பிடக் கூப்பிட்டான். முதல் அடி வாயில் விழுந்தது. அவன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. இரண்டாவது அடியில் மேசையோடு சாய்ந்தான், தட்டுகள் நொறுங்கின. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். ஆணியில் தொங்கிய இரும்புச் சட்டியை எடுத்து அந்தக் கைமேலேயே இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்டும் இன்னொரு முறை இறக்கினேன். அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அவன் மனைவி ஜைனப் ஓடிவந்து என்னைத் தள்ளினாள். சட்டையிலிருந்து விழுந்த மூடியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அதில் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பை உரித்துக் காட்டினாள். டாகிங்குக்குக் கீழே 'கம்பிங்' என்று இருந்தது. ஆட்டிறைச்சி.

"நான்தாண்ணே எழுதுனேன். டேப்பு மறைச்சிருச்சு" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "அந்தச் சட்டி, மாட்டெறச்சி படாததுல பொரிக்கணும்னு உங்களுக்காகவே நேத்து வாங்கிட்டு வந்தாரு."

கைப்பிடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. சட்டியைக் கீழே வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

நிஹால் ரத்தத்தைத் துப்பினான். "கனகு, சாமிக்கு வச்சியா இல்லையாடா?"

"வச்சேன்டா" என்றேன்.

"அப்ப சரிலா" என்று சொல்லிவிட்டு, தொங்கிய வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.