சிப்பாய் வேஷம்

அந்தக் காலத்து இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரத்துத் தையல்காரர்கள் திருவிழாதோறும் வண்டி மேடையில் பைபிளில் வரும் ஏரோது ராஜாவின் கதையை நடிப்பார்கள். ராஜா கட்டளைப்படி பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் சிப்பாய் வேஷம் ஹம்ஃப்ரிக்கு. அந்த வருஷம் அவன் தன் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த முறை வேஷம் வேண்டாம் என்றவனிடம், "வேற யாருக்கும் வசனம் தெரியாதுப்பா" என்று தையல்காரர் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

முதல் தெருவில், தாய் வேஷம் கட்டிய ரால்ஃபின் கையிலிருந்து துணிப் பொம்மையைப் பிடுங்கினான். கடைசி நாட்களில் தன் பிள்ளையும் இப்படித்தான் கனமே இல்லாமல் இருந்தது. கத்தியை ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்ன சிப்பாயி, பொம்மையப் பாத்தா பயமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"கண்ண மூடிக்கிட்டுக் குத்துடா" என்று ரால்ஃப் கிசுகிசுத்தான்.

குத்தினான். பொம்மைக்குள் வைத்திருந்த பன்றி ரத்தம் முழங்கைவரை வழிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளினார்கள். அங்கே வேறு கூட்டம், வேறு பொம்மை, அதே கொலை. கடைசித் தெருவில் அவன் ஓங்கிய கை நிற்கவே இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் சிரித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் பீர் குடிக்கப் போனார்கள். ஹம்ஃப்ரி கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வீட்டில் மனைவி மார்ஜரி காத்திருப்பாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.